மாமூலில் வளர்ந்து மெத்தனாலில் சரிந்த மணிச்சன் சாம்ராஜ்யம்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரை அடுத்த காட்டாக்கடை பகுதியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அங்கிருந்து ஆயுள் கைதி ஒருவர் விடுதலையாகி வெளியே வந்தார். சிறைப் பதிவேட்டில் அவர் பெயர் சந்திரன். அந்தப் பெயரைச் சொன்னால் மாநிலத்தில் பலருக்கு அடையாளம் தெரியாது. மணிச்சன் என்று சொன்னால் தெரியாதவர் இல்லை.

அவர் வெளியே வந்த நாளுக்கும் ஒரு கதை உண்டு. அதற்குச் சரியாக 22 ஆண்டுகளுக்கு முன்பு, 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதிதான் கல்லுவாதுக்கல் விஷச்சாராயச் சம்பவம் கேரளத்தை உலுக்கியது. 31 பேர் உயிரிழந்தனர். பலர் பார்வையைப் பறிகொடுத்தனர். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்டனர். அந்தச் சாராயத்தை விநியோகித்த கூட்டத்தின் தலைவர் என்று நீதிமன்றம் உறுதி செய்தவர் மணிச்சன்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் ஒரு காலத்தில் போதை வியாபாரத்தின் முடிசூடா மன்னராக விளங்கியவர் அவர். அவருடைய எழுச்சிக்கு ஐந்தாண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. வீழ்ச்சிக்கு ஒரே இரவு போதுமானதாக இருந்தது. ஆனால், அந்த ராஜ்யத்தை எழுப்பிய கரங்கள் எத்தனை, அவற்றில் எத்தனை கரங்களில் விலங்கு பூட்டப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

தடை திறந்துவிட்ட வழி

மணிச்சனின் கதையைப் புரிந்துகொள்ள 1996-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

கேரளத்தில் சாராய வியாபாரம் நீண்ட காலம் சட்டபூர்வமாகவே நடந்து வந்தது. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொச்சி சமஸ்தானத்தில் பிறந்த அப்காரிச் சட்டம்தான் பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. அச்சட்டத்தின் கீழ் சாராயக் கடைகள் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்த அப்காரி குத்தகைதாரர்கள் பெரும் செல்வந்தர்களாகவும், தேர்தல் காலங்களில் கட்சிகள் நாடிச் செல்லும் பிரமுகர்களாகவும் வளர்ந்தனர்.

இந்த நிலையில், ஏ.கே. அந்தோணி தலைமையிலான காங்கிரஸ் கூட்டணி அரசு 1996 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் மாநிலத்தில் சாராய விற்பனைக்குத் தடை விதித்தது. கூலித் தொழிலாளர்களின் வருமானத்தைக் கரைத்துக்கொண்டிருந்த சாராயக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டன. பெண்கள் இந்த முடிவை வரவேற்றனர். எனினும், அடுத்து நடைபெற்ற சட்டப்பேரவைத் தேர்தலில் அந்தோணியின் கூட்டணி தோற்றது. இ.கே. நாயனார் தலைமையில் இடதுசாரி ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு வந்தது. புதிய அரசும் சாராயத் தடையை நீக்கவில்லை.

தடை நோக்கத்தில் நல்லது. ஆனால், அது எட்டாத இடம் ஒன்று இருந்தது. சாராயக் கடைகள் மூடப்பட்டனவே தவிர, மாலையில் வேலை முடிந்ததும் குறைந்த விலையில் போதை தேடிய தொழிலாளி மறைந்துவிடவில்லை. அரசு மதுபானக் கழகத்தின் கடைகளில் விற்கப்பட்ட பாட்டில் சரக்கு அவர் கூலிக்குக் கட்டுப்படியாகவில்லை. கள்ளுக்கடைகள் மட்டும் உரிமத்துடன் தொடர்ந்து இயங்கின. ஆனால், கள் இறக்குவோர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்த தென் மாவட்டங்களில், கடைகளில் விற்ற அளவுக்குத் தென்னையிலிருந்து கள் கிடைக்கவில்லை.

தேவை இருந்தது. சட்டபூர்வமான சரக்கு இல்லை. அந்த இடைவெளியில்தான் எரிசாராயம் புகுந்தது.

எரிசாராயத்தின் கணக்கு

எரிசாராயம் என்பது ஏறத்தாழ 95 சதவீதம் எத்தில் ஆல்கஹால் கொண்ட திரவம். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடிக்கப்படுவது. தொழிற்சாலைகளுக்கும் மருந்து உற்பத்திக்கும் உரிமத்துடன் செல்ல வேண்டிய பொருள். அதில் தண்ணீர் கலந்தால் ஒரு லிட்டர் எரிசாராயம் இரண்டு லிட்டருக்கும் அதிகமான சாராயமாகும். இதற்கு அரசுக்கு வரி செலுத்த வேண்டியதில்லை. ஏல முன்பணம் கட்ட வேண்டியதில்லை. லாபம் முழுவதும் கொண்டுவருபவருக்கும், கண்டும் காணாமல் இருப்பவருக்கும்தான்.

கரும்பு ஆலைகள் அதிகமாக உள்ள அண்டை மாநிலங்களிலிருந்து எரிசாராயம் லாரிகளிலும் ரகசிய அறைகள் அமைக்கப்பட்ட வாகனங்களிலும் கேரளத்துக்குள் வருவது அக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு. அவற்றைத் தாண்டி வந்த ஒவ்வொரு கேனும் யாரோ ஒருவருடைய கவனக்குறைவாலோ சம்மதத்தாலோதான் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் பிறரைவிட நன்கு புரிந்துகொண்டவர் மணிச்சன்.

சிறையின்கீழில் ஒரு ராஜ்யம்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உள்ள ஊர் ஆற்றிங்கல். அதன் மேற்கே கடலை நோக்கிச் சென்றால் சிறையின்கீழ். கயிறு திரிப்போரும் மீனவர்களும் நிறைந்த வட்டாரம். மலையாளத் திரையுலகின் புகழ்பெற்ற நாயகன் பிரேம் நசீர் பிறந்த ஊர் என்பதே வெளியுலகுக்குத் தெரிந்த அதன் அடையாளம். 1990-களின் பிற்பகுதியில் அந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் வந்து சேர்ந்தது.

எளிய நிலையிலிருந்து சாராயத் தொழிலில் படிப்படியாக உயர்ந்த மணிச்சன், தடைக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த வட்டாரத்தின் கள்ளுக்கடை வியாபாரத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். உரிமங்கள் சில அவர் வசம் இருந்தன. பிறர் பெயரில் இருந்தவையும் அவருடைய கட்டுப்பாட்டில் நடந்தன. வெளியே கள்ளுக்கடைப் பலகை. உள்ளே எரிசாராயத்தில் தயாரான சரக்கு. உரிமம் என்பது வியாபாரத்துக்கான அனுமதியாக அல்ல, வியாபாரத்தை மறைக்கும் திரையாகப் பயன்பட்டது.

சிறையின்கீழ் பகுதியில் இருந்த கிடங்கில் நிலத்துக்கு அடியில் தொட்டிகள் அமைத்து எரிசாராயம் சேமிக்கப்பட்டது. அங்கிருந்து கேன்களில் கிளம்பிய சரக்கு திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களில் இருந்த சில்லறை விற்பனையாளர்களைச் சென்றடைந்தது. கொண்டுவருவதற்கு ஒரு குழு, கலப்பதற்கு ஒரு குழு, விநியோகிக்க வாகனங்கள், வசூலுக்கு ஆட்கள் என ஒரு முறையான நிறுவனம்போல அந்த வியாபாரம் நடந்தது. மணிச்சனின் சகோதரர்களும் அதில் பங்கேற்றனர்.

இத்தகைய வியாபாரம் ஒரு மாவட்டத்தில் நாள்தோறும் ரகசியமாக நடப்பது இயலாத காரியம். வாங்கிக் குடித்தவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். அப்படியிருக்க, கலால் துறைக்கும் காவல்துறைக்கும் மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று?

இதற்கான விடை பின்னர் ஒரே சொல்லில் வெளிவந்தது. 'மாசப்படி' என்பது அந்த மலையாளச் சொல். தமிழில் நாம் மாமூல் என்கிறோம். அதிகாரிகளுக்கும் அரசியல் புள்ளிகளுக்கும் மாதந்தோறும் பணம் போய்ச் சேர்ந்ததாக வெளியான தகவல்கள் விஷச்சாராயச் சாவுகளுக்கு இணையான அதிர்ச்சியை மாநிலத்தில் ஏற்படுத்தின.

கல்லுவாதுக்கல்லின் அந்த நாள்

திருவனந்தபுரம் மாவட்ட எல்லையைத் தாண்டியதும், தேசிய நெடுஞ்சாலையில் பாரிப்பள்ளிக்கும் சாத்தன்னூருக்கும் இடையே அமைந்துள்ள கிராமம் கல்லுவாதுக்கல். அங்கு வீட்டில் வைத்தே சாராயம் விற்று வந்தவர் கைருன்னிசா என்ற பெண். சுற்றுவட்டாரக் கூலித் தொழிலாளர்கள் பலர் அவருடைய வாடிக்கையாளர்கள். அவருக்குச் சரக்கு வந்தது மணிச்சனின் விநியோகச் சங்கிலியிலிருந்து.

2000 அக்டோபரில் அந்தச் சங்கிலி வழியாக வந்த சரக்கில் மெத்தனால் கலந்திருந்தது. குடித்தவர்கள் முதலில் எந்த வேறுபாட்டையும் உணரவில்லை. மெத்தனாலின் கொடுமையே அதுதான்.

எத்தில் ஆல்கஹாலும் மெத்தில் ஆல்கஹாலும் பார்வைக்கும் மணத்துக்கும் ஏறத்தாழ ஒன்றே. வண்ணப்பூச்சு, வார்னிஷ், பிளாஸ்டிக் தொழில்களில் பயன்படும் மெத்தனால், விலை மலிவு. ஆனால், உடலுக்குள் சென்றபின் கல்லீரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பின் கடியில் இருக்கும் அதே அமிலம், ரத்தத்தில் சேர்ந்து பார்வை நரம்பைத் தாக்குகிறது. இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆகும். எனவே, குடித்தவர் வழக்கம்போல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். மறுநாள்தான் வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்குகின்றன. கண் மங்குகிறது. மூச்சு வாங்குகிறது. பத்து மில்லி அளவே ஒருவரைக் குருடாக்கப் போதுமானது. முப்பது மில்லி உயிரைப் பறித்துவிடக்கூடும்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. உரிய நேரத்தில் வந்தால் மாற்று மருந்தும் ரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காப்பாற்றும். ஆனால், திருட்டுத்தனமாகக் குடித்ததைச் சொல்லத் தயங்கியே பலர் அந்த நேரத்தை இழந்துவிடுகின்றனர். சாதாரணப் போதைத் தலைவலி என்று எண்ணி மறுபடியும் அதே சரக்கைத் தேடிப் போவோரும் உண்டு.

கல்லுவாதுக்கல்லிலும் அதையொட்டிய ஊர்களிலும் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். கொல்லம் மருத்துவமனைகளுக்கும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் நோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். குடும்பத்தின் ஒரே வருமானம் ஓர் இரவில் நின்றுபோன வீடுகள் அவை.

வேட்டையும் விசாரணையும்

சம்பவத்தை அடுத்து மணிச்சன் தலைமறைவானார். மாநிலமெங்கும் கொந்தளிப்பு ஏற்பட்டது. ஐ.ஜி. நிலை காவல்துறை அதிகாரி சிபி மேத்யூஸ் தலைமையில் சிறப்புப் புலனாய்வு நடைபெற்றது. மணிச்சன், அவருடைய சகோதரர்கள், கைருன்னிசா உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். நிலத்தடித் தொட்டிகளும் பதுக்கல் அறைகளும் வெளிச்சத்துக்கு வந்தபோதுதான், தங்கள் ஊரில் நடந்தது சில்லறைக் கள்ளச்சாராயம் அல்ல, ஒரு தொழிற்சாலை என்பதைப் பொதுமக்கள் உணர்ந்தனர்.

ஓய்வு பெற்ற நீதிபதி வி.பி. மோகன்குமார் தலைமையில் விசாரணை ஆணையமும் அமைக்கப்பட்டது. சாராய வியாபாரிகள், அரசியல்வாதிகள், அதிகாரிகள் ஆகிய மூவருக்கும் இடையே இருந்த உறவு ஆணையத்தின் விசாரணையில் பேசுபொருளானது. ஆளும் முன்னணியைச் சேர்ந்த சிலரது பெயர்களே அடிபட்டதால் நாயனார் அரசு பெரும் தர்மசங்கடத்துக்கு உள்ளாயிற்று. 2001 மே மாதம் நடைபெற்ற தேர்தலில் அம்முன்னணி ஆட்சியை இழந்தது. சாராயத்துக்குத் தடை விதித்த அதே அந்தோணி மீண்டும் முதல்வரானார்.

வழக்கு கொல்லம் அமர்வு நீதிமன்றத்தில் நடைபெற்றது. அரசுத் தரப்பின் முன் இருந்தது எளிய பணி அல்ல. ஒருவர் குடித்து இறந்தார் என்பதிலிருந்து தொடங்கி, அவருக்கு விற்றவர் யார், விற்றவருக்குக் கொடுத்தவர் யார், அதைக் கலந்தவர் யார், கலக்கச் சொன்னவர் யார் என்று கண்ணி கண்ணியாக மேலே செல்ல வேண்டியிருந்தது. இத்தகைய வழக்குகளில் வழக்கமாகக் கீழ்க்கண்ணியோடு சங்கிலி அறுந்துவிடும். தெருமுனையில் விற்றவர் சிறைக்குப் போவார்; கிடங்கின் உரிமையாளர் வெளியே இருப்பார். கல்லுவாதுக்கல் வழக்கில் சங்கிலி அறுபடாமல் மணிச்சன் வரை சென்றது. இவ்வழக்கின் முக்கியத்துவம் அதுதான்.

மதுவில் உயிருக்கு ஆபத்தான பொருளைக் கலப்போருக்குக் கடும் தண்டனை விதிக்க வகை செய்யும் அப்காரிச் சட்டத்தின் 57-ஏ பிரிவும், இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளும் இவ்வழக்கில் பயன்படுத்தப்பட்டன. 2002-ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பில் மணிச்சனுக்கு ஆயுள் தண்டனையும் பல பிரிவுகளின் கீழ் மொத்தம் 30 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. கைருன்னிசாவுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டனைக் காலத்திலேயே, 2009-ஆம் ஆண்டில், கல்லீரல் நோயால் அவர் உயிரிழந்தார்.

மணிச்சனின் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. 2011 ஏப்ரலில் தில்லியில் உச்ச நீதிமன்றமும் அவருடைய ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. சட்டப் போராட்டம் அத்துடன் முடிந்துவிட்டதாகவே கருதப்பட்டது.

தில்லியில் எழுந்த அபராதக் கேள்வி

பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே உச்ச நீதிமன்றத்தில் மணிச்சனின் பெயர் மீண்டும் ஒலித்தது. இம்முறை கேள்வி வேறு. குற்றம் செய்தாரா என்பதல்ல. எவ்வளவு காலம் சிறையில் இருக்க வேண்டும் என்பது.

இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் இருக்கும் தன் கணவரை முன்கூட்டியே விடுவிக்க வேண்டும் என்று அவருடைய மனைவி மனு தாக்கல் செய்தார். 2022 மே மாதம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை விடுவித்து உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் கருத்தில் கொண்டு இக்கோரிக்கை மீது முடிவெடுக்குமாறு கேரள அரசு அறிவுறுத்தப்பட்டது. தமிழகத்தின் நீண்ட சட்டப் போராட்டம் ஒன்றின் முடிவு, கேரளத்துச் சாராய வழக்கு ஒன்றில் இவ்வாறு எதிரொலித்தது.

சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு கொண்டாட்டத்தையொட்டி விடுவிக்கப்பட வேண்டிய 33 கைதிகளின் பட்டியலில் மணிச்சனின் பெயரையும் மாநில அரசு சேர்த்தது. 2022 ஜூன் மாதம் அப்போதைய ஆளுநர் ஆரிப் முகமது கான் அதற்கு ஒப்புதல் அளித்தார். ஆனாலும், மணிச்சனால் வெளியே வர முடியவில்லை. குறுக்கே நின்றது அபராதம்.

30 லட்சத்து 45 ஆயிரம் ரூபாயைக் கட்டினால்தான் விடுதலை என்றது அரசு. கட்டத் தவறினால் மேலும் 22 ஆண்டுகள் 9 மாதங்கள் சிறையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவ்வளவு பணம் கட்ட வசதியில்லை என்று குடும்பத்தினர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். இரண்டு மாவட்டங்களில் சாராயப் பணம் புரண்ட ஒரு ராஜ்யத்தின் கடைசிக் கணக்கு, அபராதத்துக்கு வழியில்லை என்ற மனுவாக முடிந்தது.

அபராதத் தொகை பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடாக வழங்கப்பட வேண்டியது, எனவே தள்ளுபடி செய்யக்கூடாது என்ற வாதம் அரசுத் தரப்பில் முன்வைக்கப்பட்டது. அப்போது நீதிபதிகள் எழுப்பிய கேள்வி கவனத்துக்குரியது. விஷச்சாராயத்தைத் தடுக்க முடியாமல் போன அரசே அந்தத் தொகையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏன் கொடுக்கக்கூடாது என்று அவர்கள் வினவினர்.

முடிவில், அபராதம் செலுத்த வற்புறுத்தாமல் மணிச்சனை விடுவிக்குமாறு 2022 அக்டோபர் 19-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு சிறையைச் சென்றடைந்து அவர் வெளியே வந்தது அக்டோபர் 21-ஆம் தேதி. அதாவது, கல்லுவாதுக்கல் மக்கள் தங்கள் இறந்தவர்களை நினைக்கும் நாளில்.

இதில் நீதிமன்றத்தைக் குறை கூற இடமில்லை. ஆயுள் கைதிக்கும் திருந்தி வாழ வாய்ப்பு உண்டு என்பது நாகரிகச் சமூகம் ஏற்றுக்கொண்ட நெறி. பணம் கட்ட இயலாத காரணத்துக்காக மட்டும் ஒருவரை இன்னொரு ஆயுட்காலம் சிறையில் வைப்பதும் நியாயமாகாது. ஆயினும், நீதிபதிகளின் அந்தக் கேள்வி குற்றவாளிக் கூண்டைத் தாண்டி நேராக அரசை நோக்கிப் பாய்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

தொடரும் கதை

மணிச்சன் முதல்வரும் அல்ல, கடைசியும் அல்ல.

1982-ஆம் ஆண்டு ஓணம் பண்டிகையின்போது கொச்சியை அடுத்த வைப்பின் தீவில் விஷச்சாராயம் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது அந்தச் சாராயம் உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. 2010 செப்டம்பரில் மலப்புரம் மாவட்டம் குற்றிப்புரம் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் கள்ளுக்கடை வழியாகவே விஷம் வந்தது. சாராயம் அனுமதிக்கப்பட்ட காலத்திலும் சாவு நேர்ந்தது. தடை செய்யப்பட்ட காலத்திலும் நேர்ந்தது. எனவே, கோளாறு தடையிலோ அனுமதியிலோ மட்டும் இல்லை. இரண்டையும் கண்காணிக்க வேண்டியவர்களிடம் இருக்கிறது.

தமிழகத்துக்கும் இது அயல் கதையல்ல. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரையும் பலிகொண்டது இதே மெத்தனால்தான். கள்ளக்குறிச்சிக்குப் பின் தமிழக மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேரிட்டால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வகை செய்யப்பட்டது. அவ்வழக்கை மத்திய புலனாய்வுத் துறைக்கு மாற்றி சென்னை உயர் நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வெகு அருகிலேயே சாராயம் விற்கப்பட்டது எப்படி என்று அங்கு எழுந்த கேள்வி, கால் நூற்றாண்டுக்கு முன் சிறையின்கீழில் எழுந்த அதே கேள்வி.

கேரளத்தில் இதற்கிடையே போதையின் வடிவம் மாறிவிட்டது. கேன்களில் வந்த எரிசாராயத்தின் இடத்தைச் சட்டைப் பையில் அடங்கும் ரசாயனப் பொட்டலங்கள் பிடித்திருக்கின்றன. 2023 மே மாதம் கொச்சிக்கு அப்பால் கடலில் சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைன் கைப்பற்றப்பட்டது. 2025 தொடக்கத்தில் 'டி-ஹன்ட்' என்ற பெயரில் மாநிலக் காவல்துறை தொடர் சோதனைகளைத் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தது. பிடிபட்டோரில் பெரும்பாலோர் சிறு அளவில் வைத்திருந்த இளைஞர்கள். மணிச்சனுக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு கிடங்கு இருந்தது, ஒரு முகவரி இருந்தது. இன்றைய போதை வியாபாரத்தின் மேல்மட்டத்துக்கு அவை எதுவும் இல்லை. அன்று மணிச்சன் வரை சென்றதுபோல் சங்கிலியின் கடைசிக் கண்ணி வரை செல்வது புலனாய்வுத் துறைக்கு இன்று பலமடங்கு கடினம்.

எஞ்சி நிற்பது

மணிச்சன் தன் தண்டனையை அனுபவித்தார். கைருன்னிசா தண்டனைக் காலத்திலேயே இறந்தார். மணிச்சனின் சகோதரர்கள் அவருக்கு முன்பே விடுவிக்கப்பட்டனர். சாராயத்தைக் கலந்தவர்கள், கடத்தியவர்கள், விற்றவர்கள் ஆகியோரிடம் சட்டம் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

ஆனால், சோதனைச் சாவடியில் கதவைத் திறந்துவிட்டவர்களும், கிடங்கின் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்களும், மாதந்தோறும் உறைகளை எதிர்பார்த்திருந்தவர்களும் அந்தக் குற்றவாளிக் கூண்டில் மணிச்சனுக்கு அருகே நின்று ஆயுள் தண்டனை பெறவில்லை. பெயர்கள் அடிபட்டன, விவாதங்கள் நடந்தன, ஆட்சி மாறியது. இருபதாண்டுகள் சிறையில் கழித்தது சாராயத்தை விற்றவர்கள் மட்டுமே.

ஒரு சாராய மன்னரின் வீழ்ச்சியை ஒரு தீமையின் முடிவாகக் கருதுவது எளிது. கல்லுவாதுக்கல்லில் தொடங்கி கருணாபுரம் வரையிலான சாவுகள் அந்த எளிய முடிவை மறுக்கின்றன. மன்னர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களை உருவாக்கும் மாமூல் என்ற மூலதனம் எங்கே இருக்கிறதோ, அங்கே அடுத்தவர் எழுகிறார்.

கண் போனவர்களுக்கும் கணவரை இழந்தவர்களுக்கும் தர வேண்டிய தொகையை, தடுக்கத் தவறிய அரசே ஏன் தரக்கூடாது என்ற உச்ச நீதிமன்றத்தின் கேள்வி அந்த வழக்கோடு முடிந்துவிடவில்லை. விஷச்சாராயத்துக்கு மக்களைப் பலிகொடுக்கும் ஒவ்வொரு மாநில அரசும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி அது.